மானம் கப்பலேறிய கதை

அக்கா பையனுக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள். 'நம் பகுதி வழியாகச் சென்ற ஒரு வெளிநாட்டு எழுத்தாளர். நான்கு பக்கம், படங்களுடன்.' ப்ராஜெக்ட் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். டீச்சர் பையனிடம் கொடுப்பார். பையன் அம்மாவிடம் கொடுப்பான். அம்மா தன் தம்பியிடம் தள்ளிவிடுவாள். அந்தத் தம்பி பத்திரிகையில் எழுதுகிறவனாக இருந்து தொலைத்தால் கேட்கவே வேண்டாம்.

"நீ சும்மாதானடா இருக்கே?"

"சும்மா இல்லக்கா. ஃப்ரீலான்ஸ்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு."

ஆகவே போன ஞாயிறு, செங்கல்பட்டில் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மருமகனும் நானும் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். முதலில் அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறையில் யானைக்குக் கீழே ஒரு பூனை உண்டு. பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் தவம் செய்கிற முனிவரைப் பார்த்துத் தானும் ஒற்றைக் காலில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, விலா எலும்பு தெரியத் தவம் செய்கிறது. அதை நம்பிச் சுற்றிலும் எலிகள். "பூனை எப்ப கண்ணைத் திறக்கும்னு எலிக்குத் தெரியாது சார்" என்றார் கைடு. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூனையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்தால், காலையில் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

கடற்கரைக் கோயில் பக்கம் வந்து மணலில் உட்கார்ந்தோம். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தவுடன் காக்கை ஒன்று வந்து உரிமையோடு பார்த்தது.

"யாரைப் பத்தி எழுதறது மாமா?"

கடலைக் காட்டினேன். "அந்தப் பக்கமாக் கப்பல்ல போனாரே, அவரைப் பத்தி."

மார்க் ட்வெய்ன். டாம் சாயரையும் ஹக்கிள்பெரி ஃபின்னையும் எழுதிய அமெரிக்கர். கலைந்த தலை, புதர் மீசை, அணையாத சுருட்டு. 1896 மார்ச் 26-ம் தேதி கல்கத்தாவில் 'வார்தா' என்ற கப்பலில் ஏறினார். 31-ம் தேதி மெட்ராஸ். அங்கே ஒரு நாள் கப்பல் நின்றது. பிறகு தெற்கே இலங்கைக்கு. மெட்ராஸிலிருந்து இலங்கைக்குப் போகிற கப்பல் இந்தக் கரையைத் தாண்டாமல் போக முடியாது. மாலுமிகளுக்கு மாமல்லபுரம் வெகு காலமாக அடையாளம். 'ஏழு கோயில்கள்' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

"டூர் வந்தாரா மாமா?"

"இல்லடா. கடனை அடைக்க வந்தார்."

பையன் யோசித்தான். "கடன் வாங்கினவங்க ஊரை விட்டுத்தான் ஓடுவாங்க. இவரு உலகத்தையே சுத்தி ஓடினாரா?"

நல்ல கேள்வி. மானம் கப்பலேறிவிட்டது என்கிறோம் அல்லவா? போனால் திரும்பி வராது என்கிற அர்த்தத்தில்தான் சொல்கிறோம். ட்வெய்ன் விஷயத்தில் அது நிஜமாகவே டிக்கெட் வாங்கிக் கப்பலேறியது. திரும்பியும் வந்தது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

* * *

இயற்பெயர் சாமுவேல் கிளமென்ஸ். 1835 நவம்பர் 30-ல் மிசௌரி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். வளர்ந்தது மிஸிஸிப்பி நதிக்கரையில் ஹானிபல் என்ற ஊர். அப்பா வியாபாரத்தில் நொடித்துப் போனவர். ஆனால் டென்னஸியில் பல்லாயிரம் ஏக்கர் தரிசு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். 'அந்த நிலம் மட்டும் விலை போகட்டும், அப்புறம் பாருங்கள்' என்றே அந்தக் குடும்பம் பல வருஷம் காத்திருந்தது. (நம் வீடுகளிலும் கேஸில் கிடக்கும் நிலம் ஒன்று இருக்குமே, அதே ஜாதி.) நிலம் யாரையும் பணக்காரர் ஆக்கவில்லை. 1847-ல் அப்பா போய்விட்டார். பையனுக்குப் பதினோரு வயசு. படிப்பு நின்றது. அச்சாபீஸில் எடுபிடி.

பிறகு நீராவிப் படகு ஓட்டுகிற பைலட் ஆனார். 1859-ல் லைசென்ஸ். மிஸிஸிப்பியில் ஆழம் பார்க்கிறவன் கயிற்றை இறக்கி 'மார்க் ட்வெய்ன்' என்று கூவுவான். இரண்டு பாகம் ஆழம், அதாவது பன்னிரண்டு அடி, படகு தரை தட்டாது, தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம். இந்தக் கடற்கரை மீனவர்களைக் கேட்டால் இரண்டு கையையும் விரித்து 'இது ஒரு பாகம்' என்று காட்டுவார்கள். அதே அளவுதான். 1861-ல் உள்நாட்டு யுத்தம் வந்து படகு வேலை போயிற்று. நெவாடாவில் வெள்ளி தோண்டப் போனார். கையில் கொப்புளம்தான் மிச்சம். பத்திரிகையில் எழுத ஆரம்பித்து, 1863-ல் அந்தக் கூவலையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

தரை தட்டாத ஆழம் என்று பெயர் வைத்துக்கொண்டவர் வாழ்க்கையில் எத்தனை தடவை தரை தட்டினார் என்பதுதான் விசேஷம்.

எழுத்தில் பணம் கொட்டியது. 1870-ல் ஒலிவியா என்கிற பணக்கார வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹார்ட்ஃபோர்டில் அரண்மனை மாதிரி வீடு. 1876-ல் டாம் சாயர். எழுத்தாளன் பணம் சம்பாதிப்பதே அதிசயம். சம்பாதித்த எழுத்தாளன் அதோடு சும்மா இருந்தால் அது அதைவிடப் பெரிய அதிசயம். ட்வெய்ன் சும்மா இருக்கவில்லை.

இங்கேதான் மெஷின் வருகிறது. 'நல்ல மெஷின் ஒண்ணு வருது மச்சி, பார்ட்னரா சேர்றியா?' என்று கேட்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால், அடுத்த பாராவை இரண்டு தடவை படிக்கவும்.

அந்தக் காலத்தில் அச்சு எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் பொறுக்கிக் கோர்க்க வேண்டும். ட்வெய்னே சின்ன வயசில் செய்த வேலை. ஜேம்ஸ் பெய்ஜ் என்று ஒருவர், அந்த வேலையைச் செய்ய ஒரு மெஷின் கண்டுபிடிக்கிறேன் என்று வந்தார். சுமார் பதினெட்டாயிரம் உறுப்புகள். ஓடும்போது பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். கஷ்டம் என்னவென்றால், எப்போதாவதுதான் ஓடும். ஓடினாலும் பெய்ஜுக்குத் திருப்தி வராது. 'இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணலாம்' என்று கழற்றிவிடுவார். 1880-ல் ட்வெய்ன் பணம் போட ஆரம்பித்தார். பதினான்கு வருஷம் போட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் சுமார் மூன்று லட்சம் டாலர். இதற்கிடையில் மெர்கென்தாலர் என்பவரின் லைனோடைப் மெஷின் 1886-லேயே நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. பெய்ஜ் மெஷின் அளவுக்குச் சாமர்த்தியம் இல்லாத மெஷின்தான். ஆனால் தினமும் ஆபீஸுக்கு வரும். கடைசியில் எந்த மெஷின் நிலைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

(இதே மனிதர், டெலிபோன் கம்பெனிப் பங்கு வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றவர். அவரே எழுதி வைத்திருக்கிறார்.)

இன்னொரு பக்கம் 1884-ல் சொந்தப் பதிப்பகம். மானேஜர் அக்கா மகளின் புருஷன். தொடக்கம் பிரமாதம். ஹக்கிள்பெரி ஃபின் விற்றது. அடுத்து, முன்னாள் ஜனாதிபதி கிராண்ட். அவரை ஒரு பார்ட்னர் ஏமாற்றி 1884-ல் ஓட்டாண்டியாக்கிவிட்டார். கூடவே தொண்டையில் புற்றுநோய். மனைவி நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று, சாகக் கிடக்கிற மனுஷர் உட்கார்ந்து சுயசரிதை எழுதினார். முடித்த சில நாளில், 1885 ஜூலையில், இறந்து போனார். லாபத்தில் நூற்றுக்கு எழுபது கிராண்ட் குடும்பத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார் ட்வெய்ன். 1886-ல் கிராண்டின் மனைவிக்கு அவர் அனுப்பிய முதல் செக் மட்டும் இரண்டு லட்சம் டாலர். எழுதியே கடனிலிருந்து குடும்பத்தை மீட்கலாம் என்பதை ட்வெய்ன் அப்போதே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். தனக்கும் அது தேவைப்படும் என்று மட்டும் அப்போது தெரியாது.

பிறகு சரிவு. போப்பாண்டவர் வாழ்க்கை வரலாற்றை 1887-ல் போட்டார். உலகத்துக் கத்தோலிக்கர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொன்று வாங்குவார்கள் என்பது கணக்கு. அவர்கள் அப்படி நினைக்கவில்லை. அடுத்து, அமெரிக்க இலக்கியத் தொகுப்பு, பதினொரு வால்யூம், தவணை முறை. பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். புத்தகத்தை முழுசாக அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். பணம் மாசாமாசம் சொட்டுச் சொட்டாக வரும். அதாவது, விற்க விற்கக் கடன் ஏறும்! ஒர்க்கிங் கேபிடல் என்றால் என்ன என்று எங்கள் புரொபசர் மூன்று வருஷம் சொல்லி எனக்குப் புரியாதது, இந்தப் பதினொரு வால்யூமில் புரிந்தது.

1893-ல் அமெரிக்காவில் பாங்குகள் வரிசையாகப் படுத்தன. 1894 ஏப்ரல் 18-ல் ட்வெய்னின் பதிப்பகம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. சுமார் நூறு பேருக்குக் கடன். ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அவருக்கு வயசு ஐம்பத்தெட்டு. அந்த வருஷக் கடைசியில் பெய்ஜ் மெஷினும் சிகாகோவில் பரீட்சையில் தோற்று மூலைக்குப் போனது.

* * *

இப்போது என் பூனைக் கதை.

2015-ல் செங்கல்பட்டில் ஒரு நண்பனும் நானுமாகச் சேர்ந்து பிளெக்ஸ் பேனர் அடிக்கிற மெஷின் வாங்கினோம். செகண்ட் ஹேண்ட். மெஷினை விற்றவர், "ராஜா மாதிரி ஓடும் தம்பி" என்றார். ராஜா மாதிரியேதான் ஓடியது. நினைத்தால் ஓடும், இல்லாவிட்டால் படுத்துவிடும். ஆனாலும் காதுகுத்து, கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று நாலு வருஷம் வண்டி ஓடியது. 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிரிழந்த பிறகு பேனர்களுக்குக் கெடுபிடி அதிகமானது. நியாயமான கெடுபிடி. நஷ்டம் எங்களுக்கு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. கடையைத் திறந்து பார்த்தபோது மெஷினில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எங்களுக்கு பிளெக்ஸ் ரோலும் மையும் கடனுக்குக் கொடுத்தவர் ஓர் அண்ணாச்சி. பாக்கி ஒரு லட்சத்து இருபதாயிரம். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஒற்றைக் காலில் நிற்கவில்லை. மற்றபடி அந்தப் பூனைக்கும் எனக்கும் வித்தியாசம் குறைவு. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி தம்பி. பாதியைக் குடுத்துட்டுக் கணக்கை முடிச்சிக்கிடுங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அறுபதாயிரம். அம்மாவின் வளையலை விற்றுக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத்தான் தூங்கினேன். ஆனால் மறுநாளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக அண்ணாச்சி கடைத் தெருவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். சட்டப்படி நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை. பிறகு ஏன் அரை கிலோமீட்டர் அதிகம் நடக்கிறேன் என்று மட்டும் புரியவில்லை.

ட்வெய்னிடமும் கடன்காரர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். டாலருக்கு ஐம்பது சென்ட் கொடு, முடித்துக்கொள்ளலாம். அவருக்காகப் பேரம் பேசியவர் ஹென்றி ராஜர்ஸ். ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பெரிய தலை. வியாபாரத்தில் ஈவிரக்கம் இல்லாதவர் என்று பட்டப்பெயரே உண்டு. ஆனால் இந்த எழுத்தாளரின் மேல் ஏனோ பிரியம். பாக்கெட்டிலிருந்து எடுத்து வீசியிருந்தால் அவருக்கு அது தூசு. ட்வெய்ன் தானம் வாங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் மூளையைக் கொடுத்தார். பதிப்பகத்துக்கு ஒலிவியா அம்மாள் தன் சொந்தப் பணத்தைக் கடன் கொடுத்திருந்தார். ஆகவே முதல் கடன்காரி மனைவிதான் என்று சொல்லி, புத்தகங்களின் காப்புரிமையை அவர் பேருக்கு மாற்றிவிட்டார் ராஜர்ஸ். நம்மூர் ஆடிட்டர் யோசனை மாதிரி இருக்கிறதா? ஆனால் நம்மூரில் மனைவி பேரில் எழுதுவது கடன்காரனுக்குக் கொடுக்காமல் இருக்க. அங்கே எழுதியது, புத்தகங்கள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகாமல், எல்லாருக்கும் கொடுத்து முடிக்க.

அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றார்: ஐம்பது சென்ட் பேச்சே கூடாது, டாலருக்கு நூறு சென்ட். 1895 ஆகஸ்டில், பயணத்தின் நடுவில், ட்வெய்ன் அதைப் பத்திரிகைகளுக்கு அறிக்கையாகவே கொடுத்துவிட்டார். சட்டம் ஒருத்தன் மூளையை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் சட்டத்தைவிடக் கறாரான எஜமான் ஒருவர் உண்டு, அவர் பெயர் மானம், அவரிடம் பாதிக்குப் பேரம் படியாது என்பது அதன் சாரம்.

கடன் பட்டவன் நெஞ்சைப் பற்றி ராவணனை வைத்துக் கம்பர் பேரில் ஒரு வரி சொல்வார்களே, அது கம்பராமாயணத்தில் இல்லவே இல்லை என்கிறார்கள் புலவர்கள். பரவாயில்லை. அந்த வரியைச் சொன்னவர் யாரோ, அவருக்குக் கட்டாயம் பாக்கி இருந்திருக்கும்.

* * *

மேடையில் நின்று ஒன்றரை மணி நேரம் கதை சொல்லி ஜனங்களைச் சிரிக்க வைப்பது. அதற்கு டிக்கெட். உலகம் பூராவும். இதுதான் திட்டம். மேடைப் பேச்சுக்காக ஊர் ஊராக அலைவது அவருக்கு அறவே பிடிக்காத வேலை. 1895 ஜூலையில் க்ளீவ்லண்டில் ஆரம்பித்தபோதே காலில் ராஜபிளவை. மனைவியும் நடு மகள் கிளாராவும் கூட வந்தார்கள். மூத்தவள் சூசியும் கடைக்குட்டி ஜீனும் அமெரிக்காவிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

ஹவாய் வரை போனால், ஹொனலூலுவில் காலரா, இறங்கவே முடியவில்லை. ஃபிஜி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அறுபதாவது பிறந்தநாள் நியூசிலாந்தில். அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு ஈசிசேரில் சாய வேண்டிய வயசு. பிறகு இலங்கை. 1896 ஜனவரியில் பம்பாய். அங்கே ஹோட்டல் பால்கனியில் நம்மூர்க் காக்கையைப் பார்த்துச் சொக்கிப் போனார். தன் உடை, தலை, தொழில், கடந்தகாலம் எல்லாவற்றையும் பற்றிக் காக்கைகள் உட்கார்ந்து விமர்சனம் செய்வதாகப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். (என் சுண்டலைப் பார்த்த காக்கையும் அந்தப் பரம்பரைதான்.) பிறகு பூனா, பரோடா, அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லாகூர், ராவல்பிண்டி. இருமல், ஜலதோஷம், பிளவை. மேடை ஏறினால் மட்டும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வசூல் நேரே ராஜர்ஸுக்குப் போகும், கடன் கணக்குக்கு.

பம்பாய் ஹோட்டலில் இன்னொன்றும் நடந்தது. தடித்த ஜெர்மானியர் ஒருவர், கதவு சம்பந்தமாக ஏதோ சரியில்லை என்று நம்மூர் வேலைக்காரரைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அறை வாங்கியவர் எதுவும் பேசவில்லை. ட்வெய்னுக்கு அந்த நொடியில் ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டது. சின்ன வயசில் அவர் ஊரில் கறுப்பர்கள் அடிமைகள். அவர் வீட்டிலேயே அடிமை இருந்ததுண்டு. அங்கே ஒருத்தன், ஏதோ சின்னத் தவறுக்காகத் தன் அடிமையை இரும்புத் தாதுக் கட்டியால் அடித்துக் கொன்றதைப் பார்த்தவர். அதையெல்லாம் இந்தியப் பயணப் புத்தகத்தின் நடுவில் எழுதி வைத்தார்.

அந்தக் கடனையும் அவர் மறக்கவில்லை. 1885-ல் யேல் சட்டக் கல்லூரியில் வார்னர் மெக்கின் என்கிற கறுப்பின மாணவர் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் படித்தார். அவருடைய செலவை ட்வெய்ன் ஏற்றுக்கொண்டார். ஒரு வெள்ளை மாணவனாக இருந்தால் யோசித்திருப்பேன், இவர்கள் விஷயத்தில் அவமானம் நம்முடையது, அதற்கு விலை கொடுக்க வேண்டியதும் நாம்தான் என்று கல்லூரிக்கு எழுதினார். மெக்கின் பெரிய வக்கீலானார். பின்னாளில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலுக்கு, இளம் வக்கீலாக இருந்த காலத்தில், வழிகாட்டியாக இருந்தவர் அவர்.

தமிழில் ஒரு சௌகரியம் பாருங்கள். வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். பிதுர்க் கடன், நன்றிக் கடன், காலைக் கடன். எதையும் பாதியில் முடித்துக்கொள்ள முடியாது. (கடைசியில் சொன்னதை முயற்சி செய்து பார்க்கவும்.)

* * *

மாமல்லபுரத்துக்கு எதிரே போன கப்பல் இலங்கை சேர்ந்தது. பிறகு மொரீஷியஸ், தென் ஆப்பிரிக்கா. 1896 ஜூலை கடைசியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். சூசியையும் ஜீனையும் வரவழைத்து, எல்லாருமாக ஒரு வீடு பிடித்து உட்கார்ந்து புத்தகம் எழுத வேண்டியதுதான் பாக்கி.

சூசி, பதிமூன்று வயசில், எழுத்துப்பிழைகளோடு அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண். அந்தப் பிழைகளை ஒன்றுகூடத் திருத்தாமல் ட்வெய்ன் தன் சுயசரிதையில் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. தாயும் கிளாராவும் உடனே கப்பலேறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 18-ல், ஹார்ட்ஃபோர்ட் வீட்டில் சூசி இறந்துவிட்டாள். மூளைக்காய்ச்சல். வயசு இருபத்து நாலு. இங்கிலாந்தில் தனியாக இருந்த அப்பாவுக்குத் தந்தி வந்தது. பெண்ணைக் கடைசியாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த இடம் வந்ததும் பையனிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவனும் கேட்கவில்லை. அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதிக்குச் சம்மதித்திருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். மகளோடு வீட்டில் இருந்திருக்கலாம். மானத்துக்குக் கொடுத்த விலை நூறு சென்ட் மட்டும்தானா? எனக்குத் தெரிந்த எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை.

லண்டனில் யாரையும் பார்க்காமல் அந்தப் பயணப் புத்தகத்தை எழுதி முடித்தார். அது 1897-ல் வெளிவந்தது. அதே வருஷம் நியூயார்க் பத்திரிகை ஒன்று அவர் கடனுக்காக வாசகர்களிடம் நிதி திரட்ட ஆரம்பித்தது. அவருக்குக் கொஞ்சம் சபலம்தான். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று எழுதி நிறுத்திவிட்டார். 1898 தொடக்கத்தில் கடைசிக் கடன்காரருக்கும் செக் போயிற்று. டாலருக்கு நூறு சென்ட். 1900 அக்டோபரில் அவர் நியூயார்க்கில் இறங்கியபோது ஊரே திரண்டு வரவேற்றது. அவர்கள் வரவேற்றது நகைச்சுவை எழுத்தாளரை மட்டும் அல்ல. பாக்கி வைக்காத மனுஷனை.

* * *

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகும்போது சுற்று வழியில் போகவில்லை. நேரே அண்ணாச்சி கடை. அவர் மை டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஆளையே காணோம்?"

"வேலை அண்ணாச்சி."

"ஆமா, அந்தத் தெரு வழியாப் போவீங்க. பாத்திருக்கேன்."

பதில் சொல்லாமல் கவரை நீட்டினேன். ஐயாயிரம். இந்தப் பத்தி எழுதிக் கிடைத்த காசுதான்.

"என்னது?"

"பழைய பாக்கி. மீதியை மாசாமாசம் தந்துடறேன்."

"அதான் முடிஞ்சு போச்சே தம்பி. நோட்டுல அடிச்சாச்சே."

"உங்க நோட்டுல அடிச்சாச்சு அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். என் பெயர் போட்ட பக்கம். கடைசி வரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'வராக்கடன் 60,000.' காலேஜில் இந்த வார்த்தையை எத்தனை தடவை எழுதி மார்க் வாங்கியிருப்பேன்! என் பெயருக்குக் கீழே பார்ப்பது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி அதன் அடியில் தேதி போட்டு, 'வரவு 5,000' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பணத்தை இரண்டு தடவை எண்ணினார்.

"இந்தப் புத்தி யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒரு அமெரிக்காக்காரர் அண்ணாச்சி."

"அவருக்கும் பிளெக்ஸ் பிசினஸா?"

"இல்ல. அச்சுக் கோர்க்கிற மெஷின்."

"மெஷினை நம்பி எவன் உருப்பட்டான்!" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடைப் பையனைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். டீ வந்தது.

பின்குறிப்பு: ப்ராஜெக்டுக்குப் பத்துக்கு ஏழு மார்க். 'படங்கள் போதாது' என்று டீச்சர் எழுதியிருக்கிறார். இன்னொன்று. அத்தனை பாடுபட்டுக் கடனை அடைத்த ட்வெய்ன், அதற்குப் பிறகு பிளாஸ்மான் என்ற பால் பவுடர் கம்பெனியில் பணம் போட்டு மறுபடியும் விட்டார். நேற்று என் பழைய பார்ட்னர் போன் பண்ணி, "மச்சி, முப்பரிமாணப் பிரின்ட்டர்னு ஒரு மெஷின்..." என்று ஆரம்பித்தான். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.